முகம் தெரியாதவர்களுக்குப் பட்ட கடன்

லாரிக்காரன் பெரிய நகரங்களைப் பின்வாசல் வழியாகப் பார்த்தவன். நாமக்கல்லில் பாடி கட்டிய வண்டியில் கல்கத்தா, டெல்லி, பம்பாய் என்று இளமை முழுக்க ஓடியவன் நான். அந்த ஊர்களின் கோட்டையையும் கோபுரத்தையும் அப்போது பார்த்ததே இல்லை. பகலில் எங்கள் வண்டிக்கு 'நோ என்ட்ரி'. ஊருக்கு வெளியே நிழல் கிடைத்த இடத்தில் ஓரங்கட்டிவிட்டு, எப்போது இருட்டும் என்று காத்துக்கிடப்போம். ஊர் உறங்கிய பிறகு உள்ளே போய், சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு, விடிவதற்குள் எல்லை தாண்டிவிட வேண்டும். அடுத்த நாள் விரதத்துக்கு அந்த ஜவ்வரிசியை ஊறவைக்கும் வடக்கத்தி வீட்டு அம்மாளுக்கு, அதற்குக் கிழங்கு விளைவித்த ஆத்தூர்ப் பக்கத்து விவசாயியையும் தெரியாது, ஏற்றிவந்த டிரைவரையும் தெரியாது. பெரிய ஊர் என்பதே அதுதான். முகம் தெரியாதவர்கள் சுமந்து வருவதை முகம் தெரியாதவர்கள் உண்டு வாழும் இடம்.

எழுபதைத் தாண்டி, பிள்ளைகள் தொழிலை எடுத்துக்கொண்ட பிறகு, நகரங்களை முன்வாசல் வழியாகப் பார்க்கலாம் என்று நானும் வீட்டுக்காரியும் கிளம்பினோம். போனது வட ஆப்பிரிக்காவுக்கு. கெய்ரோ, அலெக்சாந்திரியா, துனிஸ், பிறகு மொராக்கோவின் ஃபெஸ், காசாபிளாங்கா, மராகேஷ். "சிங்கப்பூர், லண்டன் எல்லாம் இருக்க, அங்க போய் என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். காரணம் அவள்தான். பரமத்தி வேலூரில் காவிரிக்கரையில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் படித்த நைல் நதியை ஒருமுறை கையால் தொட வேண்டும் என்பது அவள் நெடுநாள் ஆசை.

எங்களுக்கு முன்னோடிகளும் உண்டு. கொச்சியில் சின்னதாக ஒரு டீக்கடை வைத்துக்கொண்டு 26 நாடுகளைச் சுற்றிய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் பலர் படித்திருப்பீர்கள். அன்றாட வருமானத்தில் 300 ரூபாயை எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்கிக்கொண்டு போய்வருவார்கள். திரும்பி வந்து டீ ஆற்றியே அந்தக் கடனை அடைப்பார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமாகும்வரை இது நடந்தது. வயதும் வசதியும் கூடிவரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அவர்கள் வாழ்க்கையே பதில்.

ஒரே ஊரில் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைப் பார்ப்பதில்லை. என் கண் சாலை, சுமை, வண்டி என்று போகும். அவள் கண் தண்ணீர், ரொட்டி, வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவி என்று போகும். ராத்திரி அறையில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பேசினால்தான் ஊர் முழுசாகும். அப்படிச் சேர்த்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒன்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

தாகத்துக்குப் பெயர் கேட்காத ஊர்

கெய்ரோ 969ஆம் ஆண்டு பாத்திமியர் நிறுவிய நகரம். சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் இன்று 2 கோடிக்கு மேல் மக்கள். சாலையில் கோடு போட்டிருக்கிறார்கள், அதை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. நான்கு வண்டி போகும் இடத்தில் ஆறு போகிறது. சேலம் ஐந்து ரோட்டில் பழகியவனுக்கு ஓட்டுவதில் பயம் வராது. ஆனால் நடந்து கடப்பது வேறு கதை. நாங்கள் தயங்கி நிற்பதைப் பார்த்த ஒரு பெண்மணி, பேச்சே இல்லாமல் என் மனைவியின் கையைப் பிடித்து, இன்னொரு கையை வண்டிகளுக்கு முன்னால் நீட்டியபடி, அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வழியே போனார். இந்தியர்கள் என்று தெரிந்ததும் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் "அமிதாப் பச்சன்!" என்று குரல் கொடுத்தார்கள். 1987இல் ஓடத் தொடங்கிய கெய்ரோ மெட்ரோதான் ஆப்பிரிக்காவின் முதல் மெட்ரோ. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. அதில் ஏறிப்போய் இறங்கிய என் மனைவி, பாஷை தெரியாமலே நாலு பேரிடம் பேரன் பேத்திக் கணக்கைச் சொல்லி முடித்திருந்தாள்.

நான் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் வேறொன்றைக் கவனித்தாள். தெருவோரத்தில், கடைவாசலில், வீட்டுச் சுவரோரத்தில் குடிதண்ணீர் இருந்தது. சில இடங்களில் மண்ஜாடி, பல இடங்களில் மின்சாரத்தில் ஓடும் குளிர்நீர்ப் பெட்டி, பக்கத்தில் ஒரு டம்ளர். பெட்டியில் ஏதோ எழுதியிருந்தது. கூட வந்த வழிகாட்டி படித்துச் சொன்னார். இறந்துபோன தாய், தகப்பன், பிள்ளை நினைவாக வைத்த தண்ணீர் அது. இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. பழைய கெய்ரோவின் முயிஸ் தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில் அப்துல் ரஹ்மான் கத்குதா என்பவர் 1744இல் கட்டிய சபீல் நிற்கிறது. கீழ்த்தளத்தில் வழிப்போக்கருக்குத் தண்ணீர், மேல்தளத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். தாகத்துக்கும் எழுத்துக்கும் ஒரே கட்டடம். இப்படி அந்த நகரில் ஏராளமாகக் கட்டியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, வெச்சவங்க பேரு எழுதியிருக்குது. குடிக்கறவங்க யாருன்னு எங்கியும் கேக்கலீங்களே" என்றாள் அவள். அன்று ராத்திரி அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் வெகுநேரம் யோசித்தேன்.

ரொட்டியும் அப்படித்தான். ரொட்டிகளை அடுக்கிய பெரிய மரச்சட்டத்தைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்தபடி, மறுகையால் சைக்கிளை ஓட்டிப் போகிறார்கள் பையன்கள். அந்த நெரிசலில் அவர்கள் ஓட்டும் அழகை எந்த டிரைவரும் எழுந்து நின்று பார்க்க வேண்டும். மானிய ரொட்டி ஒன்றின் விலை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 5 பியாஸ்டராகவே இருந்தது. 2024 ஜூனில்தான் 20 பியாஸ்டர் ஆக்கினார்கள். அதற்கு முன்பு 1977 ஜனவரியில் மானியத்தைக் குறைக்க முயன்றபோது ஊரே கொந்தளித்தது. அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அந்த ரொட்டிக்கான கோதுமையில் பெரும்பங்கு ரஷ்யா, உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. 2022இல் அங்கே போர் மூண்டதும் இங்கே அடுப்படி நடுங்கியது. கெய்ரோவில் ஒரு குழந்தை கடிக்கும் ரொட்டிக்குள் கருங்கடல் கரை விவசாயியின் உழைப்பு இருக்கிறது. ரேஷன் அரிசியை 'இலவசம்' என்று இளப்பமாகப் பேசுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2011 முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால்தான் ஊர் விட்டு ஊர் போய் மூட்டை தூக்குகிறவனின் வீட்டில் உலை கொதிக்கிறது. அவன் தூக்காவிட்டால் நம் கடைத்தெருவில் சரக்கு இறங்காது.

கெய்ரோவின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். முகத்தம் மலையடியில் மன்ஷியத் நாசர் என்ற பகுதி. நகரத்துக் குப்பையை வீடு வீடாக எடுத்துவந்து பிரித்து, மறுபயனுக்கு அனுப்புகிறவர்கள் வாழும் இடம். சப்பாலீன் என்று அவர்களைச் சொல்கிறார்கள். உணவுக் கழிவைத் தின்ன அவர்கள் பன்றி வளர்த்தார்கள். 2009இல் பன்றிக்காய்ச்சல் பயத்தில் அரசு நாட்டிலுள்ள பன்றிகளை எல்லாம் அழித்தது. அதன் பிறகு தெருக்களில் உணவுக் கழிவு குவிந்து நாறியபோதுதான், இத்தனை காலம் அதை யார் தீர்த்துவந்தார்கள் என்பது பலருக்கு உறைத்தது. நமக்காக உழைப்பவரை நாம் பார்ப்பதே அவர் வராத நாளில்தான்.

120 அடியும் 16 முழமும்

எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, "டேம் எத்தன அடி?" என்பதுதான். மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டால் டெல்டா வரை சந்தோஷம். வேலூர்க்காரியான என் மனைவிக்கு அந்த எண் காலண்டர் தேதியைவிட முக்கியம்.

கெய்ரோவின் ரோடா தீவின் தென்முனையில் ஒரு கிணறு போன்ற ஆழமான கட்டடம் இருக்கிறது. படிகள் இறங்கிப் போகின்றன. நடுவில் அளவுக்கோடுகள் செதுக்கிய சலவைக்கல் தூண். 861ஆம் ஆண்டு கட்டிய நைல் அளவைமானி அது. ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்து தூணில் ஏறும். ஏறக்குறைய 16 முழம் ஏறினால் நல்ல விளைச்சல். குறைந்தால் பஞ்சம், மிஞ்சினால் வெள்ளம். அந்த அளவைப் பார்த்துத்தான் அந்த ஆண்டு வரியையே தீர்மானிப்பார்கள். வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் என் மனைவி கேட்டாள்: "இப்ப எத்தன முழம்னு கேளுங்க." அவர் சிரித்தார். இப்போது அளக்க ஒன்றுமில்லை. 1970இல் அஸ்வான் உயரணை கட்டி முடித்த பிறகு வெள்ளம் கெய்ரோவுக்கு வருவதில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் நைல் பெருக்குக்கு விழா மட்டும் இன்றும் எடுக்கிறார்கள். நாம் ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீரில் முளைப்பாரி விடுகிறோமே, அதே மாதம், அதே மனசு.

அஸ்வான் அணைக்காக எகிப்தில் மட்டும் சுமார் 50,000 நூபிய மக்கள் 1963, 64ஆம் ஆண்டுகளில் ஊர் பெயர்ந்தார்கள். அபு சிம்பெல் கோயிலை உலக நாடுகள் சேர்ந்து அறுத்து எடுத்து மேட்டில் வைத்தன. நூபியர்களின் பேரீச்சந்தோப்புகளையும் மண்வீடுகளையும் அப்படி யாராலும் தூக்கி வைக்க முடியவில்லை. ஒரு காலத்தில் எகிப்தின் மின்சாரத்தில் பாதியை அந்த அணை கொடுத்தது. கெய்ரோவில் எரிந்த விளக்குக்கு அடியில் ஒரு நூபியரின் ஊர் கிடந்தது.

இது நமக்குப் புதிதா? 1934இல் திறந்த மேட்டூர் அணைக்குள்ளும் ஊர்கள் போயின. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. நாம் குடும்பத்தோடு போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். சேலத்தில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீருக்கு அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த விலை அது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

ஒட்டகக்காரரின் சரக்குச் சீட்டு

அலெக்சாந்திரியாவில் கடற்கரைச் சாலை நீண்டு வளைந்து கிடக்கிறது. 2002இல் திறந்த புதிய நூலகத்தின் கருங்கல் சுவரில் உலகத்து எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அழகுதான். ஆனால் அந்த ஊரில் என் மனம் நின்றது வேறொரு பழைய கணக்கில்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் மேற்குக் கரையின் முசிறியிலிருந்து மிளகு ஏற்றிய கப்பல்கள் செங்கடல் துறைமுகங்களுக்குப் போயின. அங்கிருந்து மூட்டைகள் ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் கரையில் கொப்தோஸ் என்ற ஊரில் படகேறி, அலெக்சாந்திரியாவுக்கு வந்தன. அந்தச் செங்கடல் துறைமுகங்களில் ஒன்றான பெரனிகேயில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. அதே ஊரில் நம் நாட்டுப் பெரிய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்தது. ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் முசிறியிலிருந்து ஏற்றிவந்த சரக்கைப் பற்றிய 2ஆம் நூற்றாண்டுத் தாள் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும், காவலோடு அனுப்ப வேண்டும், முத்திரையிட்டுக் கிடங்கில் வைக்க வேண்டும், அலெக்சாந்திரியாவில் நாலில் ஒரு பங்கு சுங்கம் கட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதைக் கேட்டபோது எங்கள் புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருந்த உணர்வு எனக்கு. லோடுக்குப் பொறுப்பு யார், வழியில் காவல் யார், வரி எங்கே என்ற மூன்று கேள்வி இரண்டாயிரம் ஆண்டாக மாறவில்லை.

நொய்யல் கரையின் கொடுமணலில் மணிகள் செய்தார்கள், கரூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. நம் கொங்கு மண்ணின் பழைய செல்வம் இப்படி முகம் தெரியாத ஒட்டகக்காரர்களாலும் மாலுமிகளாலும் வந்து சேர்ந்தது. நாம் யாரையும் சாராமல் தனியாக உழைத்து முன்னேறிய கூட்டம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். உழைத்தோம் என்பது உண்மை. தனியாக என்பது உண்மையல்ல.

மல்லிகையும் தள்ளுவண்டியும்

துனிஸ் எங்கள் இருவருக்குமே பிடித்த ஊர். கோடை மாலையில் மல்லிகை மொட்டுகளைக் குச்சியில் நூலால் கட்டி, சின்னச் செண்டுகளாகத் தட்டில் வைத்து விற்கிறார்கள். அதை மஷ்மூம் என்கிறார்கள். ஆண்கள் வாங்கிக் காதில் செருகிக்கொள்கிறார்கள். மீசைக்கார ஆண்கள் காதில் மல்லிகையோடு காபி குடிப்பதைப் பார்த்து என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு எனக்கும் ஒன்று வாங்கித் தந்தாள். கல்யாணத்து மாலைக்குப் பிறகு அவள் எனக்குத் தந்த முதல் பூ அதுதான் என்று நினைக்கிறேன்.

ஹபீப் பூர்கிபா அவென்யூவில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூனின் சிலை நிற்கிறது. 1332இல் துனிசில் பிறந்தவர். ஃபெஸ் நகரில் அரசவையில் வேலை பார்த்தார். 1406இல் கெய்ரோவில் இறந்தார். நாங்கள் பார்க்கப் போன ஊர்களில் இந்த மூன்றும் அவர் வாழ்ந்த ஊர். கெய்ரோவில் அவருக்குப் பதவி கிடைத்து, அவரோடு சேர்ந்துகொள்ளத் துனிசிலிருந்து கப்பலேறிய குடும்பத்தினர் கடலில் மூழ்கிப் போனார்கள். அதைக் கேட்ட பிறகு விமானத்தில் என் மனைவி என் கையை விடவில்லை.

1377இல் அவர் எழுதிய 'முகத்திமா' நூலில் ஒரு கருத்து உண்டு. ஒரு குடும்பத்தின் பெருமை நான்கு தலைமுறைதான் நிற்கும் என்கிறார். முதல் தலைமுறை உழைத்து உண்டாக்குகிறது, அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று அதற்குத் தெரியும். இரண்டாம் தலைமுறை தகப்பனைக் கிட்ட இருந்து பார்த்துக் கற்கிறது. மூன்றாவது, பார்த்ததில்லை, கேள்விப்பட்டதை வைத்துச் செய்கிறது. நான்காவது, இதெல்லாம் பிறப்பிலேயே தனக்குச் சேர வேண்டியது என்று நினைக்கிறது. அங்கே சரிவு. ஒரு வண்டியை வாங்கிக் கிளீனரோடு கிளீனராக அதன் அடியில் படுத்து வேலை செய்தவர் எங்கள் ஊரில் பலர். இன்று அவர்கள் பேரன்கள் அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிரைவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அறுநூறு ஆண்டுக்கு முன் துனிஸ்காரர் எழுதியது நாமக்கல்லுக்கும் பொருந்துகிறது.

அதே துனிசியாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சிதி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் காய்கனி விற்ற முகம்மது புவாசிசிக்கு வயது 26. 2010 டிசம்பர் 17 அன்று நகராட்சி ஆட்கள் அவர் சரக்கையும் தராசையும் பறித்தார்கள். முறையிடப் போன அலுவலகத்தில் யாரும் காது கொடுக்கவில்லை. அலுவலக வாசலிலேயே தன்மேல் தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 4 அன்று இறந்தார். பத்தே நாளில், ஜனவரி 14 அன்று, 23 ஆண்டு ஆண்ட அதிபர் நாட்டைவிட்டு ஓடினார். தள்ளுவண்டிக்காரரை இடைஞ்சல் என்று மட்டும் பார்க்கிற ஊர், தன் அடித்தளத்தைத் தானே இடிக்கிறது. நம் நாட்டிலும் தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது என்பதைத் தராசைப் பறிக்கும் கைக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு வட்டாரத்துக்கு ஐந்து

ஃபெஸ் நகரத்தின் பழைய பகுதிக்குள் கார், லாரி எதுவும் நுழையாது. ஆயிரக்கணக்கான சந்துகள். சில சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். சுமையெல்லாம் கோவேறு கழுதையின் முதுகிலும் கைவண்டியிலும் போகிறது. "பாலக்! பாலக்!" என்ற சத்தம் கேட்டால் ஒதுங்க வேண்டும். ஒரு கழுதையின் இரண்டு பக்கமும் காஸ் சிலிண்டர் தொங்கிக்கொண்டு போனது. காஸ் டேங்கர் லாரிகளுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்துக்காரனுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பதா, வணங்குவதா என்று தெரியவில்லை.

அந்த ஊரில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஐந்து வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. பள்ளிவாசல், பிள்ளைகள் படிக்கும் இடம், பொதுத் தண்ணீர்க் குழாய், வெந்நீர்க் குளியலிடம், ரொட்டி சுடும் பொது அடுப்பு. வீட்டில் மாவைப் பிசைந்து, பலகையில் வைத்துத் துணி போர்த்தி, பிள்ளையிடம் அடுப்புக்குக் கொடுத்து விடுகிறார்கள். எத்தனை வீட்டு மாவு வந்தாலும், எது யாருடைய ரொட்டி என்று சுடுகிறவருக்குத் தெரிகிறது. "நம்மூரு மாவு மில்லாட்டமே இருக்குதுங்க" என்றாள் அவள். தூக்குப்போசியைப் பார்த்தே யார் வீட்டுக் கம்பு என்று சொல்லும் மில்காரர் எங்கள் ஊரிலும் இருந்தார்.

அந்த ஊரின் பெருமையான கரவிய்யீன் 859இல் தொடங்கியது. நிறுவியவர் பாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் என்பது வழிவழிச் செய்தி. துனிசியாவின் கைரவானிலிருந்து ஃபெசுக்குப் பிழைக்க வந்த குடும்பம். தகப்பன் விட்டுப்போன சொத்தை, வந்து சேர்ந்த ஊருக்கே அவர் செலவு செய்தார் என்கிறார்கள். அதே ஊரில் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய சிதி ஃப்ரெஜ் மருத்துவமனை, மனநோயாளிகளோடு காயம்பட்ட செங்கால் நாரைகளுக்கும் மருத்துவம் பார்த்ததாகச் சொல்கிறார்கள். பறந்து வந்து பறந்து போகும் பறவைக்கும் ஊரில் பங்கு வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் புண்ணியம் என்று எழுதினால் அது பொய். வழி காட்டுகிறேன் என்று கூடவே வந்து, நாலு திருப்பம் தாண்டியதும் காசு கேட்டு மிரட்டிய இளைஞர்களும் உண்டு. ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீரில் தொடை வரை நின்று உழைப்பவர்களை, சுற்றுலாக்காரர்கள் மேல்மாடியில் நின்று, நாற்றத்துக்குப் புதினா இலையை மூக்கில் வைத்தபடி படம் எடுக்கிறார்கள். நாங்களும் அந்த மாடியில் நின்றோம். அவள் மட்டும் இலையை வாங்கவில்லை.

காசாபிளாங்காவின் கடலோரப் பள்ளிவாசலும், 2018 முதல் மணிக்கு 320 கிலோமீட்டரில் ஓடும் ரயிலும் கண்ணுக்கு நிறைவு. மராகேஷில் 2023 செப்டம்பர் நிலநடுக்கத்தைப் பற்றி எங்களிடம் பேசியவர்கள், இடிந்த சுவரைவிட, மலைக்கிராமத்தாருக்கு ரத்தம் கொடுக்க ஊரார் வரிசையில் நின்றதைத்தான் அதிகம் சொன்னார்கள். மொராக்கோ மண்ணுக்கு நாமும் கடன்பட்டவர்கள். உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் பெரும்பங்கு அங்கேதான். நம் நாட்டு உர ஆலைகளுக்கு அது கப்பலில் வருகிறது. நம் காட்டில் கடலைக்குப் போடும் டி.ஏ.பி.யில் அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் வியர்வையும் இருக்கலாம்.

ஊர் பெரிதாகும்போது

கிராமத்தில் கடன் யாருக்கு என்று தெரியும். நடவுக்கு வந்தவளுக்கு நாம் பதிலுக்குப் போவோம். மொய் எழுதினவருக்குத் திருப்பி எழுதுவோம். நோட்டுப் புத்தகம் இருக்கிறது. நகரத்தில் அந்த நோட்டு கிடையாது. நமக்குச் சோறு கொண்டுவந்தவர், தண்ணீருக்காக ஊரை விட்டவர், குப்பையை அள்ளியவர் எவரையும் நமக்குத் தெரியாது. அவரைத் தேடிப் போய்த் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அப்படியானால் அந்தக் கடனை எப்படி அடைப்பது? அவரைப் போலவே முகம் தெரியாத இன்னொருவருக்குக் கொடுத்துத்தான் அடைக்க முடியும். கெய்ரோவின் தண்ணீர்ப் பெட்டியும் ஃபெஸ் நகரத்தின் பொது அடுப்பும் அதைத்தான் செய்கின்றன. பெரிய ஊர்கள் ஆயிரம் ஆண்டு தாங்கி நிற்பது மதிலாலும் படையாலும் மட்டுமல்ல, இந்த ஏற்பாட்டாலும்தான்.

நம் முன்னோருக்கும் இது தெரிந்திருந்தது. சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு முன் திண்ணை வைத்தார்கள். சித்திரையில் தண்ணீர்ப்பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றினார்கள். இப்போது நம் ஊர்களும் பெரிதாகிக்கொண்டிருக்கின்றன. சேலம் 1994இல் மாநகராட்சி ஆனது, நாமக்கல் 2024இல் ஆனது. ஐந்து ரோட்டில் மேம்பாலம் வந்தாயிற்று. திண்ணை இருந்த இடத்தில் இரும்பு கேட்டும் கேமராவும் வந்தாயிற்று. கோழிப்பண்ணையிலும் பட்டறையிலும் நூற்பாலையிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். நான் அவர்கள் ஊர்ச் சாலைகளில் வண்டி பழுதாகி நின்ற ராத்திரிகளில், என் பாஷை தெரியாத தாபாக்காரர்கள் கயிற்றுக் கட்டிலும் சூடான பருப்பும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடனை நான் பீகாருக்குப் போய் அடைக்க வேண்டியதில்லை. பீகாரே என் பட்டறை வாசலுக்கு வந்து நிற்கிறது.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கும் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் சில வார்த்தை. கிடங்கு வைத்திருக்கிறீர்களா? லோடு இறக்க வரும் டிரைவருக்கும் கிளீனருக்கும் ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை, ஒரு தண்ணீர்த்தொட்டி கட்டுங்கள். சரக்குக்குக் கூரை போட்ட நமக்கு, அதைக் கொண்டுவந்தவருக்குக் கூரை போடுவது பெரிய செலவல்ல. வீடு கட்டுகிறீர்களா? மதிலுக்கு வெளியே நாலடி நீளத்துக்கு ஒரு கல் பெஞ்சு போடுங்கள். கூரியர் கொண்டுவரும் பிள்ளை உட்கார்ந்து மூச்சு வாங்கட்டும். பெற்றோர் நினைவு நாளில் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும் காசில் ஒரு குடிநீர் இயந்திரம் வைத்து, அதன் மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வைப்பதைவிட வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தர்மம். மாநகராட்சியில் பொறுப்புக்கு வருகிறவர்கள், பூங்காவுக்கு அடிக்கல் நாட்டும் முன் தள்ளுவண்டிகளுக்கு இடம் ஒதுக்குங்கள்.

பேரப்பிள்ளைகளோடு சாப்பிட உட்காரும்போது, தட்டில் இருப்பதில் ஏதாவது ஒன்றைக் காட்டி, இது எங்கிருந்து, யார் கையால், எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். முட்டையா, கோதுமையா, உப்பா, எதுவானாலும் சரி. தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். இப்னு கல்தூன் சொன்ன நான்காவது தலைமுறை நம் வீட்டில் வராமல் தடுக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். என் வீட்டில் இதைத் தொடங்கிவிட்டேன். முதல் கேள்வியை என் மனைவிதான் கேட்கிறாள், சின்னப் பேத்தி எங்களுக்கு முன்பே பதில் சொல்லப் பழகிவருகிறாள்.